சுடுகிறதா என்று கேட்டால்

எனக்குச் சூடு வைத்த பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது. அவள் சட்டைப்பையில் ஓர் அட்டை தொங்கும். எழுத்து பொடிப்பொடியாக இருக்கும், நானோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் படுக்க வேண்டும். அதனால் நானே ஒரு பெயர் வைத்தேன். சுடுதா. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கருவியின் திரையிலிருந்து முகத்தைத் திருப்பி அவள் கேட்டது அது ஒன்றைத்தான்.

"சுடுதாம்மா?"

ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு தடவை. என் நெஞ்சைப் பற்றி அதற்கு முந்தைய நாலு வருஷத்தில் மொத்தமாகக்கூட யாரும் அத்தனை தடவை விசாரித்ததில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் இடப்பக்க மார்பை எடுத்துவிட்டார்கள். கதிர்வீச்சு வைத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது, முளைத்தது, முடிந்தது என்று எல்லாரும் நினைத்தோம். இந்த வருஷ ஆரம்பத்தில் தழும்பை ஒட்டி வேர்க்குரு மாதிரி நாலைந்து சிவப்பு மணிகள் வந்தன. வேர்க்குருதான் என்று பவுடர் போட்டேன். போகவில்லை. டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"திரும்ப வந்திருக்கும்மா. இனிமே வெட்ட அங்க சதை இல்ல. கதிரும் அப்பவே முழுசா குடுத்தாச்சு, இப்ப பாதி அளவுதான் குடுக்க முடியும். பாதி மட்டும் பத்தாது. அதனால கதிர் குடுத்த கையோட அந்த இடத்தை ஒரு மணி நேரம் சூடு பண்ணுவோம். சூடு ஏறிட்டா, கதிர் அடிச்ச அடியிலேருந்து அந்த நோயால எழுந்திருக்க முடியாது."

"எவ்வளவு சூடு டாக்டர்?"

"நாப்பத்து மூணு டிகிரி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பத்தோரு வருஷம் சலவை ஆலையில் நீராவி இஸ்திரி மேசையில் நின்றவள் நான். நாற்பத்து மூன்று டிகிரியில் ஒரு கைக்குட்டைச் சுருக்கம்கூடப் போகாது. சிரித்ததைப் பார்த்து டாக்டர் தைரியசாலி என்று நினைத்துக்கொண்டார் போல.

"எட்டுத் தடவை. வாரத்துக்கு ரெண்டு. எட்டும் நடக்கணும். இதை விட்டா என்கிட்ட பெருசா வேற எதுவும் இல்ல" என்றார்.

எட்டு. அன்றிலிருந்து எனக்கு வேறு எந்த எண்ணும் முக்கியமாக இல்லை.

முதல் நாளே வந்தது சிக்கல். சுடுதா ஒரு பஞ்சை எடுத்து வைத்துக்கொண்டு, "கண்ணை மூடிக்குங்கம்மா. பஞ்சு படுற இடத்துல எல்லாம் 'ம்'னு சொல்லணும்" என்றாள்.

"எதுக்கும்மா இது?"

"ஆபரேஷன் பண்ணின இடம் சில பேருக்கு மரத்துப் போயிருக்கும். உணர்ச்சி இல்லாத இடத்துல சூடு வைக்கிறது ரொம்ப ஆபத்து. வெந்தாலும் தெரியாது இல்லையா."

எனக்கு மரத்துத்தான் போயிருந்தது. கழுத்தெலும்புக்குக் கீழே இரண்டு விரல் அகலம் உயிர் இருக்கும். அதற்குக் கீழே தழும்பு, அதற்கும் கீழே, பக்கவாட்டில் கையிடுக்கு வரைக்கும், என் உடம்பு என்று சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான். குளிக்கும்போது சோப்பு அங்கே போனதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். அந்தப் பெண் சொன்னதை நான் கேட்டுக்கொண்டது இப்படி: உணர்ச்சி இல்லை என்று சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எட்டும் போய்விடும்.

கண்ணை முக்கால்தான் மூடினேன். இமை முடிகளுக்கு நடுவே அவள் முழங்கை தெரிந்தது. அது தாழும்போதெல்லாம் "ம்" என்றேன். இரண்டு இடத்தில் வேண்டுமென்றே கொஞ்சம் தாமதித்துச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் டக்கென்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் அல்லவா? "சூப்பர்மா" என்று எழுதிக்கொண்டாள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது அன்று சரியாகப் பத்தேகால் மணிக்கு நடந்தது.

இதில் என் பழைய ஆலைக்கும் பங்கு உண்டு. எங்கள் இஸ்திரி மேசைகளுக்கு ஒரு கண்காணிப்பாளர் இருந்தார். நீராவி சீறி யாராவது கையை உதறினால் போதும், "சுட்டுச்சா?" என்று ஓடி வருவார். அக்கறையெல்லாம் இல்லை. சுட்டது என்று சொன்னவளை மறுநாள் மடிப்பு மேசைக்கு மாற்றிவிடுவார். மடிப்பு மேசை என்றால் மூட்டு வலிக்காரிகளும் கண் தெரியாதவர்களும் உட்காரும் இடம். அங்கே போனவள் திரும்பி வந்ததில்லை. ஆகவே நாங்கள் இருபது பேரும் ஒரே மாதிரி பதில் சொல்வோம். "இல்லண்ணே." சொல்லிவிட்டுக் கழிவறைக்குப் போய்க் கையைத் தண்ணீரில் வைத்துக்கொள்வோம். முன்கையில் குறுக்குக் குறுக்காகத் தழும்பு விழும். அதற்கு வளையல் என்று பெயர். எனக்கு வலக்கையில் ஒன்பது வளையல், இடக்கையில் நாலு. சுடுகிறதா என்று யார் கேட்டாலும் இல்லை என்று வாய் தானாகச் சொல்லும். அந்த அளவுக்குத் தேர்ந்த வாய்.

சுடுதா என் கையில் ஒரு தாளையும் கொடுத்திருந்தாள். தினமும் சாயங்காலம் யாராவது அந்த இடத்தைப் பார்த்துச் சிவந்திருக்கிறதா, கொப்புளம் இருக்கிறதா என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"பக்கவாட்டுல, கைக்குக் கீழ, பின்னாடி எல்லாம் உங்களால பாக்க முடியாதும்மா. வீட்டுக்காரர் இருக்காரில்ல?"

"இருக்கார்."

இருக்கார்தான். நான் சிகிச்சைக்குப் போன எல்லா நாளும் அவர் கூட வந்தார். என் ஆஸ்பத்திரி ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு தாழ்வாரத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். உள்ளே வர மாட்டார். உள்ளே என்ன நடந்தது என்று கேட்கவும் மாட்டார். முப்பத்து மூன்று வருஷம் நகரப் பேருந்து ஓட்டியவர். பின்னால் இருக்கிற மனிதர்களைக் கண்ணாடியில் பார்த்தே பழகிவிட்டார். நேராகத் திரும்பிப் பார்த்தால் வண்டி எதிலாவது மோதிவிடும் என்ற பயம் ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை.

கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டமே. கெட்டவராக இருந்தால் திட்டியாவது பொழுதைப் போக்கியிருப்பேன். ஆபரேஷன் முடிந்து வந்த அன்று, "உனக்கு இடிபடக் கூடாது" என்று ஒரு தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். ஒரு வாரத்துக்கு என்றார். அந்த ஒரு வாரம் நாலு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. கட்டுப் பிரித்த சமயத்தில் நான் உடை மாற்றும்போது கதவைச் சாத்தினேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டார். அதற்கப்புறம் என் அறைக்குள் வருவதற்கு முன்னால் இருமுவார். கல்யாணமாகி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. என் புருஷன் என் அறைக்குள் வர இருமுகிறார். வாங்க என்று நான் கூப்பிடவில்லை. வரட்டுமா என்று அவரும் கேட்கவில்லை. நோயின் பெயரையும் அவர் சொன்னதில்லை, "அந்த இது" என்பார். "நெருப்புன்னு சொன்னா வாய் வெந்துடாதுங்க" என்று ஒரு நாள் சொன்னேன். "அதான் தெரியுமே" என்றார். தெரிந்தும் சொல்லவில்லை.

ஆகவே தாளை நானே எழுதினேன். கைக்கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து முன்பக்கத்தைப் பார்ப்பேன். சிவப்பு: கொஞ்சம். கொப்புளம்: இல்லை. கீழே அவர் கையெழுத்து. ஒரு சுழி, பக்கத்தில் இரண்டு புள்ளி. அதைப் போடக் கலைமாமணியாக இருக்க வேண்டியதில்லை.

சூட்டு அறை குளிர்ச்சியாக இருக்கும். கதிர் முடிந்ததும் நேராக அங்கே போக வேண்டும். இடக்கையைத் தலைக்கு மேலே தூக்கி ஒரு மெத்தையில் வைத்துக்கொண்டு படுப்பேன். நூல் மாதிரி ஆறு கம்பிகளை நெஞ்சில் ஒட்டுவாள். ஒவ்வொரு கம்பி முனையிலும் ஒரு வெப்பமானி. அதற்கு மேல் வெதுவெதுப்பான தண்ணீர் ஓடும் ஒரு தட்டையான பை. பைக்கு மேல் கருவியின் முகம். அப்புறம் விளக்கைக் குறைத்துவிட்டு இரண்டு கை தூரத்தில் உட்காருவாள்.

"கருவிக்கு ஆறு கண்ணும்மா. ஆறுக்கும் நடுவுல எங்கயாவது சூடு கூடிப்போச்சுன்னா அதுக்குத் தெரியாது. ஏழாவது கண் நீங்கதான். சும்மா சும்மா பொறுத்துக்காதீங்க."

ஏழாவது கண் குருடு என்பது எனக்கு மட்டும் தெரியும். ஆனாலும் பயப்படவில்லை. எனக்கு ஒரு வித்தை இருந்தது. ஈரத்துணியை மேசையில் விரித்தால் நடுவைத் தொட மாட்டோம். விளிம்பை இரண்டு விரலால் பிடிப்போம். விளிம்பு சொல்லிவிடும், நடுவில் எவ்வளவு ஈரம், எவ்வளவு சூடு தாங்கும் என்று. முப்பத்தோரு வருஷத்தில் ஒரு விரிப்பைக்கூட நான் கருக்கியதில்லை. அதே கணக்கைத்தான் இங்கேயும் போட்டேன். கழுத்தெலும்புக்குக் கீழே உயிருள்ள அந்த இரண்டு விரல் அகலம் என் விளிம்பு. அது வெதுவெதுப்பாக இருந்தால் நடுவில் சரியான சூடு. அது கொஞ்சம் சுரீர் என்றால், "லேசா சுடுது" என்பேன். அவள் உடனே குறைப்பாள். துணிக்கு அந்தக் கணக்கு சரி. உடம்புக்குச் சரிதானா என்று யாரிடமாவது கேட்டிருக்கலாம். எனக்குத் தெரியாததா என்ற திமிர்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப் போகிறது. அந்த ஒரு மணி நேரம் எனக்குப் பிடித்திருந்தது. அவள் பேசுவாள். விடுதி அறையில் கூட இருப்பவள் இவள் துண்டை எடுத்துத் துடைத்துக்கொள்கிறாள் என்பாள். சட்டைக் காலர் மட்டும் ஏன் மஞ்சளாகிறது என்று கேட்பாள். கம்பி ஒட்டும்போது கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டுதான் என்னைத் தொடுவாள். தொட்டது எனக்குத் தெரியாது. தொடுகிறாள் என்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வெளியூரில் இருக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் கேட்பாள், "நல்லா இருக்கியாம்மா?" அவ்வளவு தூரத்திலிருந்து கேட்பவளிடம் வேறென்ன சொல்வது? இங்கே ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்கிறாள். "சுடுதாம்மா?" இல்லம்மா. "சுடுதாம்மா?" இல்லம்மா.

ஐந்தாவது முடிந்த மறுநாள் காலையில் துணி துவைக்க உட்கார்ந்தேன். முதல் நாள் போட்டிருந்த உள்சட்டையின் இடப்பக்கத் தையலில், கையிடுக்குக்குச் சற்றுக் கீழே பின்பக்கமாக, ஒரு கறை. எங்கள் ஆலைக்குப் பதினோரு வருஷம் ஓர் ஆஸ்பத்திரியின் விரிப்புகள் வந்தன. எந்தக் கறை எதிலிருந்து வந்தது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். ரத்தம் காய்ந்தால் பழுப்பாகும். மருந்து பச்சையடிக்கும். நடுவில் வெளுத்து ஓரத்தில் தேன் நிறத்தில் கோடு கட்டி நின்றால் அது கொப்புளத் தண்ணீர்.

கண்ணாடியை எடுத்துக்கொண்டு எப்படியெல்லாமோ வளைந்து பார்த்தேன். தெரியவில்லை. வலக்கையைச் சுற்றிக் கொண்டுபோய் விரலால் தடவினேன். ஈரம் விரலுக்குத் தெரிந்தது. விரல் பட்டது அந்த இடத்துக்குத் தெரியவில்லை.

சட்டைப் பொத்தானைப் போடாமல் கதவு வரைக்கும் வந்தேன். கூடத்தில் அவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். எனக்கு முதுகுதான் தெரிந்தது. ஏழெட்டு அடி தூரம் இருக்கும். இதைக் கொஞ்சம் பாருங்க. மூன்று வார்த்தை. நாக்கில் வந்து நின்றது, வெளியே வரவில்லை.

"ஏதாவது வேணுமா?" என்றார், திரும்பாமல்.

"ஒண்ணுமில்ல. ஃபேனைக் கொஞ்சம் கொறைங்க."

எழுந்து போய்க் குறைத்தார். நான் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நோய் வந்தபோதுகூட அப்படி அழவில்லை. அப்புறம் முகம் கழுவி, தோராயமாக ஓர் இடத்தில் துணிக்கட்டு ஒட்டி, தாளில் எழுதினேன். கொப்புளம்: இல்லை. சுழி, இரண்டு புள்ளி.

ஆறாவது தடவைக்குப் போனபோது கட்டைக் கழிவறையிலேயே பிரித்துப் போட்டுவிட்டுப் படுத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தால் எத்தனை நேரம் நிற்கும்? கையைத் தூக்கி மெத்தையில் வைத்ததுமே சுடுதாவின் பேச்சு நின்றது.

"இது எப்பலேருந்தும்மா?"

"எது?"

அவள் குனிந்தாள். என் தூக்கிய கை மறைத்ததால் அவள் என்ன செய்கிறாள் என்று தெரியவில்லை.

"வலிக்குதா?"

"இல்ல."

"இங்க?"

"இல்ல."

"இப்ப நான் தொட்டுட்டு இருக்கேனா இல்லையா?"

அவள் தலை என் விலாப் பக்கமாகத்தான் இருந்தது. தொடாமல் என்ன செய்யப் போகிறாள்? "தொட்டுட்டுத்தான் இருக்கே" என்றேன்.

இரண்டு கைகளையும் என் முகத்துக்கு நேரே கொண்டுவந்து காட்டினாள். விரல்கள் விரிந்திருந்தன. எனக்கு அவமானமாக இருந்தது.

"இதுவரைக்கும் அறுபது தடவை கேட்டிருப்பேன்மா" என்றாள். "அறுபதும் பொய்யா?"

"அறுபதும் இல்ல. மேல் ஓரத்துக்குச் சொன்னது நிஜம்."

அவள் சிரிக்கவில்லை. டாக்டரைக் கூப்பிடப் போய்விட்டாள். சூடு சொரணை இல்லாதவளே என்று எங்கள் கண்காணிப்பாளர் என்னை எத்தனையோ தடவை திட்டியிருக்கிறார். அந்தக் குளிர்ந்த அறையில் நெஞ்சைத் திறந்துபோட்டுக்கொண்டு படுத்திருந்தபோது அந்த ஆள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் என்று தோன்றியது.

டாக்டர் வந்து பார்த்தார். தாளைப் புரட்டினார். கதவைத் திறந்து தாழ்வாரத்திலிருந்த என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். அவர் வாசலிலேயே நின்றார், கண் சுவரில் இருந்தது. சுடுதா என் மேல் போர்வையை இழுத்துவிட்டாள்.

"சார், நீங்கதானே தினமும் பாத்துக் கையெழுத்துப் போடறீங்க? நேத்து அந்த இடம் எப்படி இருந்துச்சு?"

அவர் தாளை வாங்கினார். தன் கையெழுத்தை மேலிருந்து கீழே வரைக்கும் பார்த்தார். பதினாறு நாள், பதினாறு சுழி. அப்புறம் ஒரு தடவை என்னைப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருந்துச்சு டாக்டர்."

"ஒரு எலுமிச்சை அளவுக்குக் கொப்புளம் ஒடைஞ்சு நிக்குது. இது நல்லா இருக்கா? என்ன பாத்தீங்க நீங்க?"

"தப்புதான். சரியா பாக்கல."

எனக்குப் பொறுக்கவில்லை. "அவர் பாக்கவே இல்ல டாக்டர். நான் காட்டல. கையெழுத்து நான் போட்டது. மொத நாளே எனக்கு அங்க உணர்ச்சி இல்ல. சொன்னா எட்டும் கிடைக்காதுன்னு சொல்லல. இந்தப் பொண்ணு மேல எந்தத் தப்பும் இல்ல."

டாக்டர் கோபமாக இருந்தார் என்பதை அவர் குரல் தணிந்ததை வைத்துத் தெரிந்துகொண்டேன்.

"மொத நாளே சொல்லியிருந்தா மரத்த இடத்துல எல்லாம் இன்னும் நாலஞ்சு வெப்பமானி ஒட்டிட்டு, சூட்டைக் கொஞ்சம் இறக்கிக் குடுத்திருப்போம். எட்டும் கிடைச்சிருக்கும்."

அதைக் கேட்டு எனக்கு எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். கேட்காமலே முப்பத்தோரு வருஷம், அப்புறம் வீட்டில் நாலு வருஷம், அப்புறம் இது.

"மிச்சம் மூணு இருக்கு. புண்ணு காயட்டும், ஒரு வாரம் தள்ளிப் பாக்கலாம். ஆனா எனக்கு உங்க வார்த்தை மேல நம்பிக்கை இல்லம்மா. எது மரத்த இடம், எது இல்லன்னு இன்னைக்கு இங்க ஒரு படம் எடுப்போம். அதை உங்ககிட்ட காட்ட மாட்டேன். வீட்டுல சார் ஒண்ணு எடுத்துட்டு வரட்டும். ரெண்டும் ஒத்துப்போனா, தொடரலாம். ஒத்துப்போகலன்னா நீங்க மறுபடி மழுப்பறீங்கன்னு அர்த்தம். அப்ப நான் நிறுத்திடுவேன். உங்களை வேக வைக்க என்னால முடியாது."

சுடுதா என் கண்ணில் துணியைக் கட்டிவிட்டுப் பஞ்சால் தொட்டுத் தொட்டு ஒரு படம் எடுத்தாள். "தெரியுது", "இல்ல" தவிர நான் ஒன்றும் பேசவில்லை. அவளும் கேட்க வேண்டியதைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. கிளம்பும்போது வீட்டுப் படத்துக்கான தாளை அவரிடம் கொடுத்தாள். நெஞ்சின் கோட்டுப்படம், அதன் மேல் நாற்பது கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் எண். உணர்ச்சி இருந்தால் வட்டம், இல்லாவிட்டால் பெருக்கல் குறி.

பேருந்தில் அவர் வழக்கம்போல் ஓட்டுநரின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தார். நாலு நிறுத்தம் தாண்டிய பிறகு வாயைத் திறந்தார்.

"என் கையெழுத்தை நல்லாவே போட்டிருக்கே."

நான் பேருந்துச் சீட்டை நாலாக மடித்தேன்.

"ரெண்டாவது புள்ளியை மட்டும் நான் அவ்வளவு தள்ளி வைக்க மாட்டேன்."

வீட்டுக்கு வந்ததும் கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினார். வெளிச்சம் இருக்கும்போதே எடுத்துவிடலாம் என்றார். மணி ஐந்துகூட ஆகவில்லை. நான் ஜன்னல் பக்கமாகக் கட்டிலில் உட்கார்ந்தேன். வாங்க என்று நானே கூப்பிட்டும், வாசலில் நின்று ஒரு தடவை இருமிவிட்டுத்தான் வந்தார்.

சட்டையைக் கழற்றினேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கழற்றினேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். கண்ணாடியெல்லாம் இல்லாமல், நேராக. வெகுநேரம் பார்த்தார்.

"இவ்வளவு நீளமா?" என்றார்.

"இவ்வளவுதான்."

"நான் சின்னதா நெனச்சிட்டிருந்தேன்."

எனக்குக் கோபம் வந்தது. "கேட்டிருந்தா காட்டியிருப்பேன்."

"காட்டியிருந்தா பாத்திருப்பேன்."

இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு இரண்டு பேருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

துண்டை எடுத்து என் கண்ணைக் கட்டினார். இறுக்கமா என்று கேட்டார். இல்லை என்றேன். இறுக்கமாகத்தான் இருந்தது. பிறகு ஆரம்பித்தார். பேருந்தில் ஒவ்வொரு நடைக்கும் தாள் நிரப்பியவர் அல்லவா, ஒழுங்காக எண்ணைச் சொல்லிச் சொல்லிச் செய்தார்.

"ஒண்ணு."

"தெரியுது."

"ரெண்டு."

"தெரியுது."

எட்டு வரைக்கும் தெரிந்தது. பஞ்சு பூச்சி ஊர்கிற மாதிரி இருந்தது. ஒன்பதில் ஒன்றும் இல்லை. "இல்ல" என்றேன். பத்து, இல்ல. பதினொன்று, இல்ல. ஒவ்வொரு "இல்ல"வுக்கும் தாளில் பென்சில் இரண்டு தடவை கீறும் சத்தம் கேட்டது. கீறல் வரவர மெதுவாகிக்கொண்டே போனது. பதினேழில் ஒரு சந்தேகம் வந்தது. தெரிகிற மாதிரியும் இருந்தது, தெரியவேண்டும் என்ற ஆசை மாதிரியும் இருந்தது. மறுபடி தொடச் சொன்னேன். தொட்டார். ஆசைதான். இல்ல என்றேன். உடம்பில் எவ்வளவு பெரிய இடம் போய்விட்டது என்று அன்றைக்குத்தான் ஒவ்வொரு கட்டமாக எனக்கே தெரிந்தது.

இருபத்தைந்துக்கு அப்புறம் அவர் எண் சொல்லவில்லை. பென்சில் சத்தமும் இல்லை. காத்திருந்தேன். எழுந்து போய்விட்டாரோ என்று நினைத்தேன். போனால் இருமியிருப்பாரே என்றும் நினைத்தேன்.

"என்னங்க, தூங்கிட்டீங்களா?"

"தெரியுதா?" என்றார். குரல் மிகவும் கிட்டத்தில் இருந்தது.

"எத்தனாவது கட்டம்? எண்ணைச் சொல்லுங்க."

அவர் சொல்லவில்லை. துண்டைக் கீழே இழுத்தேன்.

பஞ்சு தரையில் கிடந்தது. அவருடைய வலக்கை முழுவதும் என் நெஞ்சின் மேல் இருந்தது. தழும்பின் மேல், விரல்களை விரித்து, அழுத்திக்கூட வைத்திருந்தார் போல, விரல் ஓரங்களில் என் தோல் வெளுத்திருந்தது. முப்பத்து மூன்று வருஷம் ஸ்டியரிங் வளையத்தைப் பிடித்துக் காய்ப்பேறிய கை. எவ்வளவு நேரமாக அங்கே இருந்ததோ. நான் அவர் எழுந்து போய்விட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"தெரியுதா?" என்று மறுபடி கேட்டார். என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டார்.

தெரியுது என்று சொல்லிவிட எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று சொல்லி மாளாது. ஒரு கருவிக்காக அறுபது பொய் சொன்னவள், இந்த மனுஷனுக்காக ஒன்று சொன்னால் என்ன? ஒரே வார்த்தை. நாலு வருஷம் அதோடு தீர்ந்துபோயிருக்கும். ஆனால் அந்தக் கைக்கு அடியில் ஆறு கட்டங்கள் இருந்தன. தெரியுது என்றால் ஆறிலும் வட்டம் விழும். அந்தப் படமும் டாக்டரின் படமும் ஒத்துப்போகாது.

"தெரியல" என்றேன்.

அவர் முகம் கொஞ்சம் ஆடியது. சரி என்று தலையை ஆட்டினார். பென்சிலை இடக்கையால் எடுத்து, தாளை முழங்காலில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டமாகப் பெருக்கல் குறி போட்டார். ஆறு குறி. இடக்கைப் பழக்கமில்லாததால் எல்லாம் கோணலாக விழுந்தன, ஒன்று கட்டத்துக்கு வெளியிலேயே போய்விட்டது.

வலக்கையை அவர் எடுக்கவில்லை. எடுத்தால் எனக்குத் தெரியாது என்பதால், அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.